உடம்பு வணங்காதவர் யார்? தருமபுரி, கிருஷ்ணகிரி வறுமையின் கணக்கு

பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்து ஊர்களில் ஐம்பது வயதுக்குள்ளேயே களைக்கொத்தைப் பிடித்துக் குனிய முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். முதுகு விறைத்திருக்கும். முழங்கால் மடங்காது. பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தோடு சேர்ந்து உடம்பும் திரும்ப வேண்டும். சிரித்தால் பல்லில் பழுப்புப் பட்டை தெரியும். வேலைக்கு அஞ்சுகிறவனைச் சொல்லும் "உடம்பு வணங்காதவன்" என்ற வசவு இவர்களையும் விடுவதில்லை. உண்மையில் இவர்கள் உடம்பு வணங்கத்தான் இல்லை. காரணம் குடித்த தண்ணீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடு. அது பல்லையும் எலும்பையும் தாக்கும் நோயை ஃபுளோரோசிஸ் என்பார்கள்.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்திய அளவுகோல். இந்த மாவட்டங்களின் பாறை அடுக்கில் நீர் எவ்வளவு காலம் தேங்கிக் கிடக்கிறதோ அவ்வளவு ஃபுளோரைடு அதில் கரைகிறது. மழை பொய்த்து, போர் எனும் ஆழ்துளைக் கிணற்றின் ஆழம் கூடக் கூட அந்தப் பழைய நீரே மேலே வருகிறது. கொதிக்க வைத்தால் இது போகாது. நீர் ஆவியாவதால் அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டியும் பயனில்லை. பாலும் கீரையும் போதுமான அளவு சாப்பிடுகிறவருக்குப் பாதிப்பு குறைவு. அவை எட்டாமல் நாளை ஓட்டுகிறவருடைய எலும்பில் ஃபுளோரைடு கூடுதலாகப் படிகிறது. ஒரே கிணற்று நீரைக் குடித்த இரண்டு வீட்டில், ஏழை வீட்டு முதுகுதான் முதலில் விறைக்கும்.

வறுமைக்கு ஆள் காரணமா, சூழல் காரணமா என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு பக்கம் போய் நிற்கிறார்கள். தருமபுரியையும் கிருஷ்ணகிரியையும் வைத்துப் பார்த்தால் அப்படி நிற்க முடியாது. தவறான முடிவுகளும் குடியும் வீண் செலவும் எல்லாத் தட்டிலும் உண்டு. ஒரு தவறுக்கு ஒருவர் கொடுக்கும் விலைதான் வீட்டுக்கு வீடு மாறுகிறது. அந்த விலையை நிர்ணயிப்பவை கையிருப்பு, நிலத்தின் பெயர், தண்ணீர், தூரம், வட்டி ஆகியவை. இவற்றைத் தனித்தனியாக எடுத்துக் கணக்குப் போட்டால் யார் பங்கு எவ்வளவு என்பது ஓரளவு தெளிவாகும்.

ஒரு கொல்லை, இரண்டு விலை

இரண்டு ஏக்கர் மானாவாரிக் கொல்லை உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆடியில் ராகி விதைப்பு, கார்த்திகை மார்கழியில் அறுப்பு. மழை ஒத்துழைத்து ஏக்கருக்கு 7 குவிண்டால் வந்ததாக வைத்தால் 14 குவிண்டால். வீட்டுக்கு 5 எடுத்துவைத்தால் விற்க 9 இருக்கும். 2025-26ஆம் ஆண்டுக்கு ராகியின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். அரசு கொள்முதல் நிலையத்தில் போட்டால் 43,974 ரூபாய் வரும். களத்து மேட்டிலேயே வியாபாரிக்கு 3,200 ரூபாய்க்குக் கொடுத்ததாக வைத்தால் 28,800. அதே மண், அதே வியர்வை. வித்தியாசம் 15,174 ரூபாய்.

அப்படியிருந்தும் களத்திலேயே கொடுக்கிறார்கள் என்றால் விவரம் தெரியாததால் அல்ல. கொள்முதல் நிலையத்துக்கு நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டா, என்ன பயிர் என்று காட்டும் அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் வேண்டும். பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கிறது, அப்பாவும் சித்தப்பாக்களும் வாய்ப்பேச்சில் பாகம் பிரித்துக்கொண்டார்கள் என்றால் சிட்டாவில் பயிரிட்டவர் பெயர் இருக்காது. வாரத்துக்கோ குத்தகைக்கோ ஓட்டுகிறவருக்கு அந்தக் காகிதமே கிடையாது. தானியத்தின் ஈரம் பார்ப்பார்கள், கல் மண் பார்ப்பார்கள். காயவைக்கக் களமும் தார்ப்பாயும் சில நாள் அவகாசமும் தேவை. பணம் கணக்கில் ஏறவும் சில நாள் ஆகும். விதைப்பின்போது ஐந்து வட்டிக்கு வாங்கிய கடன்காரர் களத்திலேயே வந்து நிற்கும்போது அந்தச் சில நாள்களை விவசாயியால் விலை கொடுத்து வாங்க முடியாது. ஆகவே அவர் 3,200க்குக் கொடுப்பது, அவர் நிலையில் நின்று பார்த்தால் சரியான முடிவே.

தருமபுரி மாவட்டத்தில் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக அட்டைக்கு 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டம் 2023இல் வந்தது. உள்ளூரில் கொள்முதல் செய்து உள்ளூரிலேயே கொடுக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் முழுப் பலனும் காகிதம் உள்ளவருக்கே முதலில் போய்ச் சேருகிறது. பட்டா மாறுதலை முடித்துவைப்பது ஒரு புது ரகம் விதை கொடுப்பதைவிடச் சில வீடுகளுக்குப் பெரிய உதவி என்று உறுதியாகச் சொல்லலாம்.

தண்டல் கணக்கு

மேலே சொன்ன குடும்பத்துக்குப் பணம் வருவது மார்கழி, தை மாதங்களில். செலவு அப்படி வருவதில்லை. ஜூனில் பள்ளி, ஆடியில் உழவும் விதையும், ஆவணி புரட்டாசியில் களையெடுப்பும் காய்ச்சலும். இடையில் இருக்கும் ஆறேழு மாதத்தைக் கூலியும் கடனும் கொண்டு தாண்ட வேண்டும். கடனில்தான் பெரிய ஓட்டை.

சந்தைப் பக்கம் நடக்கும் தண்டலைப் பாருங்கள். 10,000 ரூபாய் என்று எழுதுவார்கள். 1,500ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்ப்பதற்கு 15 விழுக்காடு போல இருக்கிறது. ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருவதால், சராசரியாக அவர் கையில் நின்ற பணம் ஏறக்குறைய பாதிதான். ஆண்டுக் கணக்கில் போட்டால் இந்த வட்டி 120 விழுக்காட்டைத் தாண்டும். அதே 8,500ஐ நகை வைத்து ஆண்டுக்கு 12 விழுக்காட்டில் 100 நாளுக்கு எடுத்திருந்தால் வட்டி சுமார் 280 ரூபாய். சிட்டா உள்ள விவசாயி கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. ஆக, அடகு வைக்க நகையோ காட்டச் சிட்டாவோ இல்லாதவர் அதிக வட்டி கட்டுகிறார். அதிக வட்டி கட்டுவதால் நகை சேர்வதில்லை. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் சட்டம் வந்தது. சட்டம் வட்டிக்காரரைத் தடுக்கும், செவ்வாய்க்கிழமை காலையில் தேவைப்படும் 3,000 ரூபாயைக் கொண்டுவந்து தராது. அந்த இடைவெளியை யார் நிரப்புகிறார்களோ அவர்களிடமே ஜனம் போகும்.

முன்பணம் இன்னும் கடுமையானது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் மேஸ்திரி கொடுக்கும் முன்பணம் மொத்தமாக வருவதால் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் உதவுகிறது. கழிவு போட்டுக் கழிவு போட்டுக் கணக்குத் தீராமல், அடுத்த பருவத்துக்கும் அதே சூளைக்குப் போக வேண்டியதாகிறது. கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. முன்பணத்தைக் காட்டி ஆளை நிறுத்திவைப்பது இன்றும் குற்றம். குடும்பத்தோடு போகும்போது பிள்ளையின் படிப்பு இடையில் அறுகிறது. 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் அதுவே கடைசி. மாநிலச் சராசரி 80.1.

போர் போடுவதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆயிரம் அடி தாண்டியும் தண்ணீருக்குப் பதில் புழுதி புகையாக வருகிற இடங்கள் இங்கே நிறைய. வசதியுள்ளவர் மூன்று போர் போட்டு ஒன்றில் தண்ணீர் கண்டாலும் தேறிவிடுவார். ஒரே ஒரு போருக்குக் கடன் வாங்கியவருக்கு அது பொய்த்தால் அடுத்த பத்து வருடம் அந்தக் கடனுக்கே போகும். இருவரும் எடுத்தது ஒரே முடிவு. இரண்டாமவரைத்தான் "பேராசைப்பட்டான்" என்கிறோம்.

மாவும் தக்காளியும் இதற்கு வேறு உதாரணங்கள். கிருஷ்ணகிரியின் பெங்களூரா ரக மாங்காய், கூழ் ஆலைகளை நம்பி நிற்கிறது. பழுத்தால் வைத்திருக்க முடியாது, வருடத்துக்கு ஒரே பருவம், வாங்குகிறவர்கள் சிலர். 2025இல் ஆலைகளில் முந்தைய ஆண்டின் கூழ் தேங்கியிருக்க, விளைச்சலும் கூடியதால் கிலோ 5 ரூபாய் அளவுக்கு விலை விழுந்தது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய தக்காளி, வரத்து குவியும் மாதங்களில் பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டிகளில் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் போகும். நட்டு அறுபது எழுபது நாளில் காய் வரும் பயிர் என்பதால், விலை ஏறியதைப் பார்த்து எல்லாரும் ஒரே நேரத்தில் நடுகிறார்கள், எல்லாருடையதும் ஒரே வாரத்தில் வருகிறது. இதில் தனி ஆளின் திறமை ஓரளவே நிற்கும்.

மூளைக்கும் சுமை உண்டு

பணம் இல்லாதவர் தவறான முடிவெடுக்கிறார் என்பதையே திருப்பிப் பார்த்த ஓர் ஆய்வு நம் பக்கத்து மாவட்டங்களில் நடந்தது. திருவண்ணாமலை, விழுப்புரம் வட்டாரத்தில் 464 கரும்பு விவசாயிகளை, வெட்டுக்கு முன் ஒருமுறையும் பணம் வந்த பின் ஒருமுறையும் சோதித்தார்கள். முடிவு 2013இல் வெளியானது. ஒரே ஆள்தான். ஆனால் கையில் காசில்லாத மாதங்களில் கவனத்தையும் பகுத்தறிவையும் அளக்கும் தேர்வுகளில் அவர் குறைவாகவே எடுத்தார். அறுவடைக்குப் பின் அவரே மேலே வந்தார். புத்தி மாறவில்லை, பணமுடை எனும் சுமை இறங்கியது. கடன் தவணை நாளை யோசித்துக்கொண்டிருப்பவர் உரம் போடும் நாளைத் தவறவிடுவதற்கு இது பெரும் விளக்கம்.

பங்களாதேஷில் சுமார் 23,000 குடும்பங்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்து 2022இல் வெளியான ஆய்வு இன்னொன்றைச் சொல்கிறது. மிக ஏழைப் பெண்களுக்கு மாடு போன்ற சொத்து கொடுக்கப்பட்டது. அதன் மூலம் ஒரு வரம்பைத் தாண்டியவர்கள் தொடர்ந்து மேலேறினார்கள். வரம்புக்குக் கீழேயே நின்றவர்கள் பழைய நிலைக்குச் சரிந்தார்கள். குணத்தில் வேறுபாடு முழுக் காரணமாக இருந்திருந்தால் இப்படி ஒரு கோடு தெரிந்திருக்காது. இரண்டு ஆட்டுக்குட்டி கொடுத்துவிட்டு, "இவர்கள் பிழைக்கத் தெரியாதவர்கள்" என்று அறிக்கை எழுதும் திட்டங்கள் இந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன.

ஆளின் பங்கு

இதற்காகப் பொறுப்பைக் கழுவிவிட முடியாது. குடியை எடுத்துக்கொள்வோம். நாள் கூலி 500, மாதம் 20 நாள் வேலை, வருமானம் 10,000. குவார்ட்டர் 140 ரூபாய் என்று வைத்து, மாதம் 15 நாள் குடித்தால் 2,100. வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். மறுநாள் வேலைக்குப் போகாத இரண்டு மூன்று நாள் கூலியும் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும். மாதம் 40,000 வாங்குகிறவர் அதே அளவு குடித்தால் பணத்தளவில் அவருக்கு இருபதில் ஒரு பங்கே போகிறது. இரண்டு வீட்டிலும் குடி தவறுதான். ஒரு வீட்டில் பிள்ளையின் முட்டை நிற்கிறது, இன்னொரு வீட்டில் நிற்பதில்லை. குடிக்கிற ஆண் மாற வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் தவறு செய்கிறவரும் அதற்கான விலையைக் கொடுப்பவரும் ஒரே ஆள் அல்ல. மனைவியும் பிள்ளைகளும் கட்டுகிறார்கள். "அவரவர் வினை அவரவருக்கு" என்ற பேச்சு இந்த வீட்டில் பொருந்தாது.

பதினாறு வயதில் மகளுக்குத் திருமணம் செய்வதும் பெற்றோர் எடுக்கும் முடிவு. அது சட்டப்படி குற்றம், அந்தப் பெண்ணின் உடம்புக்கும் கேடு. அதே நேரம் மேல்நிலைப் பள்ளி மலையடிவாரத்தில், பேருந்து நாளுக்கு இரண்டு தடவை, பெற்றோர் ஆறு மாதம் பெங்களூரில் கட்டட வேலையில் என்றால், வயதுக்கு வந்த பெண்ணை யாரிடம் விட்டுப்போவது என்ற பயமும் அந்த முடிவுக்குள் இருக்கிறது. விடுதியும் பேருந்தும் வந்தால் அந்தப் பயம் குறையும். குறைந்த பிறகும் செய்கிறவரைத்தான் முழுப் பொறுப்பாளி என்று சொல்ல நியாயம் உண்டு.

காதுகுத்து, கல்யாணச் செலவைப் பற்றி வெளியார் சொல்வதில் பாதியே சரி. மொய் நோட்டில் எழுதியது கடன். திரும்பி வரும், திருப்பிச் செய்யவும் வேண்டும். வங்கி கொடுக்காத இடத்தில் அது ஊர் நடத்தும் சீட்டு. கெடுதல் வருவது, மொய் வரவை மீறி வட்டிக்கு வாங்கிப் பந்தல் போடும்போது.

பொறுப்போடு வாழ்ந்தாலே வறுமை போகும் என்பவர்களுக்குத் தருமபுரியிலேயே நேரான பதில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, இந்த மாவட்டத்தில்தான் தொடங்கின. அன்றிலிருந்து இங்கே பெண்கள் குழுவாக உட்கார்ந்து சேமிப்புக் கட்டி, நோட்டு எழுதி, வாங்கிய கடனைத் தவணை தவறாமல் அடைக்கிறார்கள். குடிப்பதில்லை, ஊர் சுற்றுவதில்லை. ஒழுங்கு மட்டும் போதுமென்றால் இவர்கள் அத்தனை பேரும் எப்போதோ கரையேறியிருக்க வேண்டும். குழுவால் வட்டி குறைந்தது, வங்கி வாசல் திறந்தது, வீட்டில் பேச்சுக்கு மதிப்பு வந்தது. வருமானம் அந்த அளவு பெருகவில்லை. புளி தட்டுவதும் இரண்டு மாடு வளர்ப்பதும் தரும் வருமானத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. அதன்மேல் நுண்கடன் நிறுவனங்கள் மூன்று நான்கு சேர்ந்து ஒரே பெண்ணுக்குக் கடன் கொடுத்தால், ஒன்றின் தவணையை இன்னொன்றில் வாங்கிக் கட்டும் நிலை. மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டது. அந்த வருமானத்தை எப்படி எழுதுகிறார்கள் என்பதில் விதியின் உயிர் இருக்கிறது. கடன் கொடுப்பதற்காகக் கூட்டி எழுதினால் விதி காகிதத்தில் நிற்கும்.

தூரம் குறைந்தால் குணமும் மாறும்

ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. மோட்டார், கடிகாரம், மின்னணு ஆலைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் அஞ்செட்டியின் மலை ஊர்களும் இருக்கின்றன. மாவட்டச் சராசரி என்பது இந்த இரண்டையும் சேர்த்துக் கலக்கிய எண். ஆலை கேட்பது பன்னிரண்டாம் வகுப்பு அல்லது ஐ.டி.ஐ. சான்று. எட்டாம் வகுப்பில் சூளைக்குப் போன பையனுக்கு அந்த வாசல் அவன் பிறந்த ஊரிலிருந்து கிலோமீட்டரில் பக்கம், சான்றிதழில் வெகுதூரம்.

மருந்து விஷயம் இதைவிடத் தெளிவு. இரத்த அழுத்தத்துக்கு மாதாமாதம் மாத்திரை வாங்க அரசு மருத்துவமனைக்குப் போனால் மாத்திரை இலவசம். ஆனால் ஒரு நாள் கூலி போகும், பேருந்துக் காசு போகும். அதனால் இரண்டு மாதம் விட்டுவிடுவார். "உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை" என்பார்கள். பக்கவாதம் வந்தபின் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை படுக்கைச் செலவை ஏற்கும். வேலையிழந்த மாதங்களையும் கூட இருந்தவரின் கூலியையும் ஏற்காது. வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டபோது மாறியது அந்தத் தூரம். மாத்திரையைத் தொடர்ந்து போடுகிற "பொறுப்பான" ஆளாக அவரை ஆக்கியது அறிவுரை அல்ல.

ஒரு வீட்டின் வறுமையில் எது ஆளுடையது, எது சூழலுடையது என்று பார்க்க விரும்புகிறவர், வீட்டாரோடு உட்கார்ந்து பன்னிரண்டு மாதத்தையும் ஒரு தாளில் எழுதலாம். எந்த மாதம் காசு வருகிறது, எந்த மாதம் தீர்கிறது, அப்போது யாரிடம் என்ன வட்டிக்கு வாங்கினார்கள், கடைசியாக வந்த பெரிய செலவு எது, பட்டா யார் பெயரில். குடிச் செலவையும் மறைக்காமல் எழுத வேண்டும்; அதைக் கணவர் எதிரில் கேட்டால் பதில் வராது, தனியாகக் கேட்க வேண்டும். எழுதி முடித்த பின், வட்டிக்குப் போன தொகையையும் குடிக்குப் போன தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எது பெரிது என்பது வீட்டுக்கு வீடு மாறும். முன்முடிவோடு போகிறவருக்கு அந்தத் தாள் பயன்படாது.

தண்ணீருக்கு வருவோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013 மே மாதம் திறக்கப்பட்டது. விறைத்த முதுகை அந்தக் காவிரி நீர் நிமிர்த்தாது. எலும்பில் படிந்தது பெரும்பாலும் படிந்ததுதான். புதிதாகப் படிவதைத் தடுக்கும். அதற்கும் நீர் ஒழுங்காக வர வேண்டும். வரத்து குறையும் நாளில் மேல்நிலைத் தொட்டியில் போர்த் தண்ணீரையும் சேர்த்து ஏற்றினால், குழாயைத் திறக்கிறவருக்கு எந்த நீர் வருகிறது என்று தெரியாது. நிறமும் மணமும் ஒன்றுதான். நிலைத்த பற்களின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயதுக்குள் உருவாகிறது. அந்த வயதுக்குள் குடித்த நீரின் பதிவு வாழ்நாள் முழுதும் பல்லில் இருக்கும். 2013க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். எந்த ஊருக்கு ஆற்று நீர் தவறாமல் வந்தது, எந்த ஊர்த் தொட்டியில் போர் நீர் கலந்தது என்பதை அந்த வகுப்பறைகளில் பிள்ளைகள் வாயைத் திறந்து காட்டினாலே தெரிந்துகொள்ளலாம்.